‘நோ டயல்டோன்’ என்றது மோடம். ரிசீவரில் டோன் கேட்டது! லினக்ஸில் டயல்-அப் இணைப்பு தகராறு செய்தது ஏன்?

கீ... கீ... கொர்ர்ர்ர்... பொய்ங் பொய்ங்... கஷ்ஷ்ஷ்.

இந்தச் சத்தத்தைப் படித்ததும் உங்கள் காதுக்குள் ஏதாவது ஒலித்தால், நீங்கள் முப்பதைத் தாண்டியவர் என்று அர்த்தம். ஒலிக்கவில்லை என்றால், வீட்டில் அண்ணனையோ அத்தையையோ கேட்டுப் பாருங்கள். மிமிக்ரி செய்தே காட்டுவார்கள்.

அமெரிக்காவில் இந்தச் சத்தத்தை வீடு வீடாகக் கொண்டுபோன ஏஓஎல் நிறுவனம், 34 ஆண்டுகள் நடத்திய டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. இந்தியாவில் விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15. அதற்கும் 30 வயது ஆகிவிட்டது. அதனால் ஆளாளுக்கு மோடம் சத்தத்தைப் பகிர்ந்து ‘அந்தக் காலம்’ என்று உருகிக்கொண்டிருக்கிறார்கள்.

உருகலாம், தப்பில்லை. ஆனால் அந்தச் சத்தம் வரவே வராத வீடுகளும் இருந்தன. கம்ப்யூட்டர் இருக்கும், போன் இருக்கும், மோடமும் இருக்கும். நெட் மட்டும் வராது. அதிலும் அந்த கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ் என்றால், கேட்கவே வேண்டாம்.

நான் அப்படி ஒரு வீட்டில் மாட்டியது 2004 மே மாதம்.

60 விநாடி கவுன்ட்-டவுன்

உத்தமபாளையம், கோம்பை ரோட்டில் சித்தப்பா வீடு. தம்பிக்கு பிளஸ் டூ ரிசல்ட் வரப்போகிற வாரம். ‘கம்ப்யூட்டர் படிக்கிற பையன்’ என்ற ஒரே தகுதியில் மதுரையிலிருந்து என்னை வரவழைத்திருந்தார்கள்.

“அண்ணே, நெட்டத் தொட்டாலே ஒரு நிமிஷம்னு கவுன்ட்-டவுன் ஓடுதுண்ணே. அப்புறம் தானா ஆஃப் ஆயிருது” என்றான் தம்பி.

அது சாஸர் என்கிற வார்ம். 2004 ஏப்ரல் கடைசியில் கிளம்பி, விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 2000 கம்ப்யூட்டர்களை உலகம் முழுக்கப் படுத்தி எடுத்தது. மெயிலைத் திறக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். ஓட்டையை அடைக்காத கம்ப்யூட்டர் இணையத்தில் இருந்தாலே போதும், உள்ளே வந்துவிடும். வந்ததும் 60 விநாடி கெடு கொடுத்து கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் அதே ஏப்ரலில் வெளியிட்டிருந்தது. ஆனால் அதையும் இணையத்திலிருந்துதானே இறக்க வேண்டும்? டயல்-அப் வேகத்தில் 60 விநாடிக்குள் எதை இறக்குவது?

அந்த நாளில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு லினக்ஸ் சிடி இலவசமாக வரும். பிசி குவெஸ்ட் மாதிரியான இதழ்கள் 90-களிலிருந்தே இதைச் செய்துவந்தன. என் பையில் அப்படி ஒரு சிடி இருந்தது. “லினக்ஸைப் போட்ருவோம்டா, வைரஸ் தொல்லையே கிடையாது” என்றேன். உண்மைதான், சாஸர் அண்டவில்லை. நெட்டும் அண்டவில்லை.

பார்சல் எங்கே நிற்கிறது?

அடுத்த ஒன்றரை நாள் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், டயல்-அப் என்பது என்ன என்று பார்த்துவிடலாம்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1. லேண்ட்லைனுக்குத் தெரிந்தது மனிதக் குரல், சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி. மோடம், முன்னதைப் பின்னதாக மாற்றி அனுப்பும். எதிர்முனை மோடம் அதைத் திரும்ப 0, 1 ஆக்கும். நீங்கள் கேட்ட கொர்ர்ர் சத்தம், இரண்டு மோடங்களும் ‘எந்த வேகத்தில் பேசலாம், லைன் எவ்வளவு தாங்கும்’ என்று பேரம் பேசிக்கொள்வது. பேரம் படிந்ததும் ஸ்பீக்கரை அணைத்துவிடும்.

அதன் பிறகு ‘பிபிபி’ என்கிற விதிமுறை வந்து யூசர்நேம், பாஸ்வேர்டு பார்த்து, உங்களுக்கு ஒரு ஐபி முகவரி கொடுக்கும். கடைசியாக ‘டிஎன்எஸ்’, அதாவது தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் டைரக்டரி.

கம்பத்தில் ஏற்றிய திராட்சைப் பெட்டி சென்னைக்கு வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் வண்டியிலேயே ஏறவில்லையா? தேனியில் இறக்கிவிட்டார்களா? கோயம்பேடு வரை வந்து, கடை தெரியாமல் சுற்றுகிறதா? இதைக் கண்டுபிடிக்காமல் டிரைவரைத் திட்டிப் பயனில்லை. டயல்-அப்பும் அதே கதைதான். ‘நெட் வரலை’ என்ற ஒரே புகாருக்குப் பின்னால் நாலைந்து வெவ்வேறு நோய்கள் இருந்தன. லினக்ஸின் நல்ல குணம், எங்கே நின்றது என்று அதுவே சொல்லிவிடும். கெட்ட குணம், சொல்வது நமக்குப் புரியாது.

மூளை இல்லாத மோடம்

முதல் நோய் மோடத்தையே காணவில்லை என்பது. கம்ப்யூட்டருக்குள் கார்டு இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, லினக்ஸுக்கு மட்டும் தெரியவில்லை.

காரணம் காசு. பழைய மோடங்களில் ஒலியாக்கும் வேலையைச் செய்ய தனி சிப் இருந்தது, விலை அதிகம். 90-களின் பிற்பாதியில் நிறுவனங்கள் ஒரு குறுக்கு வழி பிடித்தன. மூளைக்குச் சமமான அந்தச் சிப்பை எடுத்துவிட்டு, அதன் வேலையை கம்ப்யூட்டரின் பிராசஸர் தலையில் கட்டின. மிஞ்சியது போன் லைனைச் செருக ஒரு ஓட்டையும் சில சில்லறைப் பாகங்களும். மற்ற எல்லாம் டிரைவர் மென்பொருளில். அந்த டிரைவர் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டதால் இதற்குப் பெயரே ‘வின்மோடம்’. அசெம்பிள்டு கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இந்த மலிவு கார்டுதான் இருக்கும்.

லினக்ஸ்காரர்கள் தாங்களே டிரைவர் எழுதிக்கொள்ளக் கூடாதா? சிப்பின் உள்விவரங்களை நிறுவனங்கள் வெளியிட்டால்தானே! தன்னார்வலர்கள் ‘லின்மோடம்ஸ்’ என்ற பெயரில் ஒன்றுகூடி, எந்தக் கார்டில் எந்தச் சிப், எதற்கு எந்த டிரைவர் என்று பட்டியல் போட்டார்கள். லூசென்ட் சிப்புக்கு ஒன்று, ஸ்மார்ட்லிங்க்குக்கு ஒன்று. கோனெக்ஸன்ட் சிப்புக்கு லினக்ஸன்ட் என்ற நிறுவனம் டிரைவர் விற்றது. காசு கொடுக்காமல் பயன்படுத்தினால் வேகம் 14.4 கிலோபிட்டைத் தாண்டாது. சும்மாவே நொண்டும் குதிரைக்குக் காலையும் கட்டிவிட்டது மாதிரி.

இந்த டிரைவர்கள் உங்கள் லினக்ஸ் கர்னலின் பதிப்புக்கு அச்சாகப் பொருந்த வேண்டும். கர்னலை அப்டேட் செய்தால் மோடம் மறுபடி செத்துப்போகும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கொடுமை: நெட் வருவதற்கான டிரைவர் நெட்டில் இருக்கிறது. பிரவுசிங் சென்டருக்குப் போய், 1.44 எம்பி ஃபிளாப்பியில் இறக்கி, வீட்டுக்கு வந்து கம்பைல் செய்தால், “இன்னொரு ஃபைலும் வேண்டும்” என்று எர்ரர் வரும். மறுபடி சைக்கிளை எடுக்க வேண்டியதுதான்.

சித்தப்பா வீட்டுக் கார்டும் அந்த ரகம். ‘எல்எஸ்பிசிஐ’ என்ற கட்டளையைக் கொடுத்ததும் சிப்பின் பெயர் வந்தது. லின்மோடம்ஸ் பட்டியலில் அதற்கு நேராக நல்ல சேதி எதுவும் இல்லை. சித்தப்பா பஸ் ஸ்டாண்ட் பக்கம் தெரிந்த டிடிபி கடைக்காரரிடம் பேசி, அவர் மாற்றிவைத்திருந்த பழைய எக்ஸ்டர்னல் மோடம் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். சிவப்பு விளக்குகள் வரிசையாக மின்னும் டப்பா, சீரியல் போர்ட்டில் செருகுவது. இதற்குச் சொந்த மூளை உண்டு, டிரைவரே வேண்டாம். வசதி உள்ளவர்கள் லினக்ஸுக்கென்றே இந்த எக்ஸ்டர்னல் மோடத்தைத் தேடி வாங்கியது இதனால்தான்.

இதிலும் ஒரு சின்னப் பொறி. விண்டோஸ் ‘காம் 1’ என்று சொல்லும் போர்ட்டை லினக்ஸ் பூஜ்யத்திலிருந்து எண்ணும்: ‘டிடிஒய்எஸ் 0’. ‘1’ என்று போட்டுவிட்டு ஒரு மணி நேரம் முழித்தவர்கள் ஏராளம். ரூட் பயனராக இருந்தால் வேலை செய்கிறது, சாதாரணப் பயனருக்கு வேலை செய்யவில்லை என்றால் அது அனுமதிச் சிக்கல். பயனரை ‘டயல்-அவுட்’ குழுவில் சேர்த்தால் தீர்ந்தது.

மோடம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அழகான வழி ஒன்று உண்டு. மினிகாம் என்ற நிரலைத் திறந்து ‘ஏடி’ என்று இரண்டே எழுத்து தட்ட வேண்டும். மோடம் ‘ஓகே’ என்று பதில் சொன்னால், கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே எந்தப் பிரச்சினையும் இல்லை. 1981-ல் ஹேய்ஸ் நிறுவனம் தன் ஸ்மார்ட்மோடத்துக்காக வகுத்த கட்டளை மொழி இது. ‘ஏடி’ என்றால் ‘அட்டென்ஷன்’, நம்ம ஊர் பாணியில் ‘ஏய், இங்க பாரு’. ‘ஏடிடிடி’ என்று தட்டி எண்ணைச் சேர்த்தால் டயல் செய்யும்.

எங்கள் டப்பா ‘ஓகே’ என்றது. தம்பி கைதட்டினான்.

டோன் இருக்கு, ஆனா இல்லை

பிஎஸ்என்எல் லேண்ட்லைன் இருந்த வீடுகளுக்கு 172222 என்ற எண் நினைவிருக்கலாம். தனிக் கணக்கு, முன்பணம் எதுவும் இல்லாமல் நெட்டுக்குப் போகலாம். கட்டணம் போன் பில்லோடு சேர்ந்துவரும். அதற்குத்தான் டயல் செய்தோம். திரையில் வந்த பதில்: ‘நோ டயல்டோன்’.

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால், ‘ங்ங்ங்’ என்று டோன் கணீரென்று கேட்கிறது. சித்தி என்னைப் பார்த்த பார்வையில், மதுரைக் கல்லூரியின் மானம் போனது.

இந்தப் பிழை இந்தியாவில் ஆயிரக்கணக்கானவர்களை ஏமாற்றியது. லைன்மேனை வரவழைத்தால் அவர் போனைக் காதில் வைத்துப் பார்த்து, “நல்லாத்தானே இருக்கு” என்று போய்விடுவார். அவர் சொல்வதும் சரி, மோடம் சொல்வதும் சரி. எப்படி?

அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் ஒலிகள் இரண்டும் கலந்தது. இந்திய டோன் 400 ஹெர்ட்ஸ் ஒலி, 25 ஹெர்ட்ஸில் அதிர்வது. அமெரிக்கக் காதோடு பிறந்த மோடத்துக்கு நம்ம டோன், டோனாகவே கேட்காது. கேட்கும் வரை டயல் செய்ய மாட்டேன் என்று காத்திருந்து, பொறுமை இழந்து ‘நோ டயல்டோன்’ என்று கைவிரித்துவிடும். விண்டோஸில் ‘டயல் டோனுக்காகக் காத்திரு’ என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்தால் சரியாகிவிடும். லினக்ஸில், மோடத்தைத் தொடக்கும் வரியில் ‘எக்ஸ் 3’ என்று சேர்க்க வேண்டும். ‘டோனைப் பற்றிக் கவலைப்படாதே, எண்ணைச் சுற்று, எதிர்முனை பிஸியா என்று மட்டும் கவனி’ என்பது அதன் பொருள். இரண்டே எழுத்து. இதற்காக எத்தனை மோடங்கள் ‘ரிப்பேர்’ என்று பரணுக்குப் போயினவோ!

‘எக்ஸ் 3’ போட்டோம். கொர்ர்ர்... சத்தம் வந்தது. வீடே கூடிவிட்டது.

மழை, மின்னல், பாட்டி

மூன்றாவது நிமிடம் ‘நோ கேரியர்’. அதாவது எதிர்முனையின் குரல் அறுந்துவிட்டது. மறுபடி டயல். மறுபடி அறுந்தது.

56 கிலோபிட் என்று மோடம் அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும் அந்த வேகம் லேசில் வராது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை வரும் செம்புக் கம்பி எவ்வளவு நீளம், அதில் எத்தனை ஜாயிண்ட், அதில் எத்தனை துரு என்பதைப் பொறுத்தே எல்லாம். ஊருக்குள் இருக்கும் வீட்டுக்கும், தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்கும் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம். கம்பம் பள்ளத்தாக்கில் ஐப்பசி மழை இறங்கினால், ஈரம் பட்ட ஜாயிண்ட்டில் கரகரப்பு ஏறும். பேச்சுக்கு அது தொல்லை இல்லை. மோடத்துக்கு அது கூச்சல். இடி மின்னல் என்றால் இன்னும் மோசம். கரன்ட் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு போன் வயரைப் பிடுங்க மறந்தவர்களின் மோடம், சில நேரம் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

ஆனால் நாங்கள் போராடியது மே மாத வெயிலில். மழை மேல் பழி போட முடியாது. நான் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், வயரை மாற்றினேன், கால் வெயிட்டிங் இருக்கிறதா என்று விசாரித்தேன். அந்த வசதி இருந்தால், வேறு அழைப்பு வரும்போது கேட்கும் ‘பீப்’ ஒன்றே மோடத்தின் பேச்சைக் கலைத்துவிடும். எங்கள் லைனில் அது இல்லை.

கடைசியில் கண்டுபிடித்தது தம்பி. உள் அறையில் ஒரு பேரலல் போன். பாட்டி அதை எடுத்து, மகளிடம் பேசலாம் என்று காதில் வைத்து, கஷ்ஷ் என்று கேட்டதும் “லைன்ல காத்து அடிக்குதுடி” என்று வைத்துவிடுவார். ஐந்து நிமிடம் கழித்து, காற்று நின்றுவிட்டதா என்று மறுபடி எடுத்துப் பார்ப்பார்.

கனெக்டட்... ஆனால்?

பேரலல் போனைக் கழற்றியதும் இணைப்பு நின்றது. ஐபி முகவரியும் வந்துவிட்டது. பிரவுசரில் எந்தத் தளமும் திறக்கவில்லை.

இது உங்களுக்கும் தெரிந்த நோய்தான். வைஃபை அடையாளம் முழுசாக இருக்கும். கீழே ‘கனெக்டட், நோ இன்டர்நெட்’ என்று வரும். சோதிக்கும் முறையும் அன்றும் இன்றும் ஒன்றே. தளத்தின் பெயருக்குப் பதில் ஏதாவது ஒரு சர்வரின் எண் முகவரிக்கு ‘பிங்’ அனுப்பிப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வரவில்லை என்றால் பாதை சரி, டைரக்டரிதான் இல்லை, டிஎன்எஸ் கோளாறு. எண்ணுக்கும் பதில் இல்லை என்றால் பெரும்பாலும் பாதையில் சிக்கல்.

அன்றைய லினக்ஸில் பாதைச் சிக்கல் வந்த விதம் வேடிக்கையானது. கம்ப்யூட்டரில் லேன் கார்டு இருந்து, அதற்கு ஏற்கெனவே ஒரு ‘டிஃபால்ட் ரூட்’ எழுதப்பட்டிருந்தால், பிபிபி நிரல் மரியாதையாக அதைத் தொடாமல் விட்டுவிடும். விளைவு, இணையத்துக்குப் போக வேண்டிய தகவலெல்லாம் எங்கும் போகாத லேன் கார்டு வழியே கிளம்பி மறையும். பழைய பாதையை அழித்துவிட்டு டயல் செய்தால் சரி. டிஎன்எஸ் கோளாறுக்கு, எதிர்முனை தரும் டிஎன்எஸ் முகவரியை ஏற்றுக்கொள்ளச் சொல்லி ஒரு வரி சேர்க்க வேண்டும். எங்களுக்கு இரண்டுமே இருந்தன.

எல்லாம் முடிந்து ரிசல்ட் பக்கம் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியபோது, தம்பியைக் காணோம். பேனர் படம் பாதி வந்திருந்தது. வாசலில் சைக்கிள் சத்தம். பிரவுசிங் சென்டரில் பிரின்ட் அவுட்டே எடுத்து வந்துவிட்டான். “பாஸு! மேத்ஸ்ல 171!” என்றவன், என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் வரலையாண்ணே?” என்றான், ரொம்ப மரியாதையாக.

அதே பள்ளத்தாக்கில் இன்னொரு லினக்ஸ்

நாங்கள் மார்க்குக்காக மல்லுக்கட்டிய அதே காலகட்டத்தில், பக்கத்திலேயே இதைவிடப் பெரிய காரியம் ஒன்று தொடங்கியது. அப்போது எனக்குத் தெரியாது. பல வருடம் கழித்துப் படித்தேன்.

தேனியில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையையும், போடி, சின்னமனூர் போன்ற ஊர்களின் கண் பரிசோதனை மையங்களையும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீண்டதூர வைஃபையால் இணைத்தார்கள். கோபுரங்களின் உச்சியில் ஆன்டெனா, அதோடு லினக்ஸ் ஓடும் சிறிய ரூட்டர் பலகைகள். மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம், தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பேசினார். தோட்ட வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு தேனிக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

அங்கே இணைப்பு அறுந்தால் பரிசோதனை நின்றுவிடும். பெர்க்லியிலிருந்து ஆள் ஓடிவர முடியாது. அதனால், முக்கிய இணைப்பு செத்தாலும் ரூட்டருக்குள் எட்டிப் பார்க்க செல்போன் வழியே ஒரு மாற்றுப் பாதையை வைத்தார்கள். அந்த ஆய்வுக் குழு 2008-ல் வெளியிட்ட கட்டுரை, பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வயர்லெஸ் தொழில்நுட்பம் அல்ல, மின்சாரம் என்கிறது. வோல்டேஜ் ஏறி இறங்கியதில் போர்டுகள் கருகின, மெமரி கார்டுகள் கெட்டன. பாட்டியின் பேரலல் போன் எனக்கு நினைவுக்கு வந்தது. நெட்டைத் தேடிக்கொண்டே இருப்போம். கோளாறு சுவர் பிளக்கில் இருக்கும்.

சிடியாக வேஷம் போட்ட டாங்கிள்

டயல்-அப் போய் பிராட்பேண்ட் வந்தது. ஆனால் 2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் வந்தபோது, கதை திரும்ப வந்தது. அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மாணவர்கள் யுஎஸ்பி டாங்கிளைச் செருகினால், லினக்ஸ் அதை மோடம் என்று சொல்லாமல் சிடி என்று சொன்னது!

ஏனென்றால் டாங்கிள் உண்மையிலேயே சிடி வேஷம் போட்டது. விண்டோஸ் டிரைவரைத் தனக்குள்ளேயே ஒரு போலி சிடியாகச் சுமந்துகொண்டு, முதலில் அந்த முகத்தைக் காட்டும். ‘யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்’ என்ற நிரல் போய் வேஷத்தைக் கலைக்கச் சொன்னால்தான் மோடம் வெளியே வரும். வந்த பிறகு? ஜிஎஸ்எம் என்றால் *99#, சிடிஎம்ஏ என்றால் #777 என்று ‘டயல்’ செய்ய வேண்டும். செம்புக் கம்பி கிடையாது, எக்ஸ்சேஞ்ச் டோன் கிடையாது. இருந்தாலும் அதே ‘ஏடிடிடி’, அதே பிபிபி, அதே டிஎன்எஸ் கோளாறு.

இன்றைக்கும் சிம் போட்டு இயங்கும் சின்னக் கருவிகளுக்குள் இருக்கும் செல்லுலார் மாட்யூல்களோடு பேச, பொறியாளர்கள் ‘ஏடி’ கட்டளைகளைத்தான் தட்டுகிறார்கள். பதில் அதே ‘ஓகே’.

போன தீபாவளிக்கு உத்தமபாளையம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பணம் அனுப்பிவிட்டு நின்றால், சவுண்ட்பாக்ஸ் வாயே திறக்கவில்லை. கடைக்காரர் அதைத் தலையில் இரண்டு தட்டு தட்டினார். கூட வந்த தம்பி (இப்போது பெங்களூரில் நெட்வொர்க் இன்ஜினீயர்) குனிந்து, மேஜைக்கு அடியில் தொங்கிய சார்ஜர் வயரைப் பார்த்தான்.

“அண்ணே, ஸ்விட்ச்சு ஆஃப்ல இருக்கு” என்றான்.